மோட்டாருக்கு மட்டும்

“சுமாரான வேகம்னா எவ்வளவுங்க?” பேட்டன்ட் ஏஜென்ட் நரசிம்மலுவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அதானுங்க... ரொம்ப வேகமாவும் இல்லாம, மெதுவாவும் இல்லாம” என்று சிரித்தார் சென்னிமலை.

சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருப்பவர். தேங்காய் மட்டை உரிக்க ஒரு மிஷின் கண்டுபிடித்து, அதற்குப் பேட்டன்ட் கேட்டிருந்தார். எதற்கு உரிமை கேட்கிறார் என்பது தெளிவாக இல்லை என்று மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீஸிலிருந்து மனு திரும்பி வந்துவிட்டது. இன்று திருத்தி அனுப்பாவிட்டால் விண்ணப்பமே போச்சு.

“எது உங்களுது, எது மத்தவங்களுதுன்னு படிக்கறவனுக்குப் புரியணும். இல்லைன்னா செல்லாதுங்க.”

கொங்கு நாட்டு மரியாதையில் எல்லாமே ‘கொஞ்சம்’, ‘ஒரு மாதிரி’தான். மல்லுக்கட்டி வேகத்தையும் மட்டை உரிக்கும் பல்லுச் சக்கரத்தின் பற்களின் இடைவெளியையும் எண்ணாக மாற்றுவதற்குள் நரசிம்மலுவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“இப்பத்தான் உருப்படி. மோட்டார்லயோ, காலால மிதிச்சோ சுத்தறதுன்னு போட்டுடறேன். நீங்க மனுவுல எழுதின விவரத்துல ரெண்டுமே இருக்குது.”

“மிதிக்கறது வேண்டாமுங்க. மோட்டார் மட்டும் போதும்.”

“அட, உக்கடத்துல ஷேக் பரீத்னு ஒருத்தர் உங்க பல்லுச் சக்கரத்தையே வெச்சு மிதி மிஷின் விக்கறாருங்க! நானே பார்த்தேன். ரெண்டு வார்த்தை சேர்த்தா நிறுத்திப்போடலாம்.”

“மோட்டார்னு தெளிவாப் போடுங்க.”

இத்தனை நேரம் வழவழவென்று பேசிய மனுஷன் இதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே என்று நரசிம்மலுவுக்குக் கோபமே வந்தது.

“ஏனுங்க, திருடனுக்கு நீங்களே கதவைத் திறந்து விடறீங்களே?”

சென்னிமலையின் முகம் சுருங்கியது.

“அப்படிச் சொல்லாதீங்க. மில்லு மூடுனதுல இருந்து பாய் பட்டறையில வேலையே இல்லீங்க. கரண்டு இல்லாத தோப்புக்காரங்களுக்கும் ஒரு மிஷின் வேணுமில்லீங்களா?”

“சரி, நீங்க கேஸ் போடாம சும்மா இருங்க. அதுக்காக எழுத்துல எதுக்கு விட்டுத்தரணும்?”

“நான் சும்மா இருப்பேனுங்க. நாளைக்கு எம்பையன் சும்மா இருப்பானா?”

“என்னமோ போங்க. காப்பி அடிச்சவருக்கு இவ்வளவு கரிசனமா!”

“அவரு எங்கீங்க காப்பி அடிச்சாரு? மனு போட்ட பொறவு, மிதி மிஷினுக்கு டிராயிங் போட்டு அவரு பட்டறையில கொண்டுபோய்க் கொடுத்ததே நானுங்க!”