ஊளை நின்றதும்

டொக், டொக், டொக்.

“தட்டுடா, தட்டு! சுவர் உன் அப்பன் வீட்டுச் சொத்துதானே!” என்று கத்தினார் டெய்லர்.

மூன்று வாரமாக இதே கூத்து.

நாற்பது வருஷம் பேன்ட் தைத்து ஓய்ந்தவர். மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது விட்டுப்போன எலக்ட்ரிக் கிதார் கட்டில் மேல் கிடந்தது. அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து, அவள் சொல்லிக்கொடுத்த ஒரே மெட்டை ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்கே வாசித்துக் காட்ட ஆசை. உதிரி பாகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. படத்தைப் பார்த்துப் பார்த்து, தையல் போடுகிற நிதானத்தில் ஒவ்வொரு ஒயராகப் பற்றவைத்தார்.

சுவிட்சைப் போட்டால் ஊளைதான் வந்தது.

பதறி அணைப்பார். அடுத்த நொடி பக்கத்து வீட்டு லைன்மேன் சுவரைத் தட்டுவார்.

“சத்தம் இருக்கும்போது தட்டினாலும் ஒரு நியாயம். நின்ன பிறகு தட்டுறான்னா எவ்வளவு கொழுப்பு பாரு!” என்றார், போனில் மகளிடம்.

“யாருப்பா அவரு?”

“கரண்ட் ஆபீஸ்ல கம்பம் ஏறிட்டிருந்த ஆளு. ரிட்டயர் ஆகியும் ஃபியூஸ் பிடுங்குற புத்தி போகல.”

“அப்போ அவர்கிட்டயே கேளுங்களேன், எந்த ஒயர் தப்புன்னு.”

“அவன்கிட்டயா? அதுக்கு நான் திரும்பப் போய் எடுபிடிப் பையனா பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பேன்!”

“வேற யார்கூடத்தான்பா பேசுறீங்க, நாள் முழுக்க?”

டெய்லர் யோசித்தார். நாள் முழுக்க அவர் வாய் திறப்பது அந்தச் சுவரைத் திட்ட மட்டும்தான்.

“சரிம்மா, உனக்கு நேரமாச்சு” என்று போனை வைத்தார்.

அடுத்த ஞாயிறு. மகள் கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம். சுவிட்சைப் போட்டார். போன வாரத்தைவிடப் பெரிய ஊளை.

அணைத்த கையோடு குறிப்புத் தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:

‘ஊளையிட்டால், டிரான்ஸ்பார்மரின் நீல ஒயரையும் பழுப்பு ஒயரையும் இடம் மாற்றவும்.’

நெற்றியில் அடித்துக்கொண்டார். இடது காலை வலது பக்கம் வைத்துத் தைத்த கதை!

டொக், டொக், டொக்.

வாய்வரை வந்த வசவை விழுங்கினார். ‘இரு. இன்னிக்கு உனக்குப் பாட்டாலேயே பதில் சொல்றேன்.’

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கிய கரண்ட் வடியும்வரை காத்திருந்தார்.

டொக், டொக், டொக், டொக்!

மூச்சுவிடவில்லை. நீலத்தை எடுத்துப் பழுப்பு இருந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். பழுப்பைக் கையில் எடுத்தபோது சுவர் ஓய்ந்தது.

வாசல் கதவு அதிர்ந்தது.

திறந்தார். லைன்மேன். வியர்வையில் ஒட்டிய பனியன். கையில் காய்ந்த மரக்கட்டை ஒன்று.

“யோவ், அடிக்கவே வந்துட்டியா? வா, அடி பார்ப்போம்!”

லைன்மேன் டெய்லரை உச்சி முதல் பாதம் வரை இரண்டு முறை பார்த்தார். கட்டை பிடித்த கையைத் தாழ்த்தினார். அப்போதுதான் டெய்லர் கவனித்தார். அந்தக் கையில் ரப்பர் உறை. மறு கையிலும். காலில் ரப்பர் பூட்ஸ், அவசரத்தில் இடம் வலம் மாற்றிப் போட்டது.

“கம்பத்துல என்கூட ஏறினவன் பேச்சு, கரண்ட் அடிச்சு, இப்படித்தான் சட்டுன்னு நின்னுது” என்றார் லைன்மேன். “உங்க மிஷின் ஊளை நின்னதும் எனக்கு உயிர் போயி உயிர் வரும். தட்டுவேன். நீங்க திட்டுவீங்க. அப்பாடான்னு போய் உட்காருவேன்...”

அவருக்கு மூச்சு வாங்கியது.

“இன்னிக்கு நீங்க திட்டலையே, மாஸ்டர்.”