வீடு மாறும் நாள்

"உன் வீட்டுல காசு கொடுத்து வாங்கின சாமான் ஒண்ணாவது இருக்காடா?"

"இருக்கே. ரெண்டு பல் பிரஷ்."

"விளையாடாத. அந்த சோபா?"

"போன வருஷம் பார்க் பக்கத்துத் தெருவுல கிடைச்சது. மேஜை அதுக்கு முந்தின வருஷம். இந்த ஃப்ரிட்ஜ் மட்டும் கல்யாணத்துக்கு நீ கொடுத்தது, அண்ணே. அதான் இந்தக் கனம் கனக்குது."

அண்ணனும் தம்பியும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு, தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டின் நடுவில் நின்றார்கள். மேலே மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து பிடித்தபடி, தம்பி ஈவோனின் மனைவி கிலேன் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை முதல் தேதி. மொன்ட்ரியாலில் பாதி ஊர் வீடு மாறும் நாள். வேண்டாததை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துப் போவார்கள். ஈவோனும் கிலேனும் குடித்தனம் நடத்துவதே இந்த ஒரு நாளை நம்பித்தான்.

கிலேனுக்கு வீடு மாறுவதில் கவலை இல்லை. கணவனின் அண்ணன் நொர்மான் வந்திருப்பதில்தான்.

நொர்மான் டொரொண்டோவில் கட்டடக் கம்பெனி வைத்திருப்பவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, "என் கம்பெனிக்கு வந்துடுடா, மூணு மடங்கு சம்பளம்" என்பார். ஈவோனும் மறுக்கத் தெரியாமல், "பார்க்கலாம்" என்பான். போன வாரம், "சாமான் தூக்க நானே வர்றேன். உங்கிட்ட ஒரு விஷயம் நேர்ல பேசணும்" என்றார்.

ஒரு குளிர்காலம் ஈவோன் அங்கே போய் வேலை பார்த்தவன்தான். மாதாமாதம் பணம் வந்தது, ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே தூங்கிவிடுவான்.

இப்போது பேகல் என்ற வளைய ரொட்டி சுடும் கடையில் விறகடுப்பு முன்னால் நிற்கிறான். விடியுமுன் போனால் மத்தியானம் வீட்டில் இருப்பான், சட்டையெல்லாம் வறுத்த எள் வாசம். கிலேனுக்கு நூலகத்தில் அரை நாள் வேலை. கோடையில் தெருக் கச்சேரி, பனிக்காலத்தில் பார்க்கில் சறுக்கல், எதற்கும் டிக்கெட் கிடையாது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நல்ல விளக்கு வேண்டும் என்றுதான் தோன்றியது.

"காலையில எத்தனை மணிக்குடா கிளம்புவ?" படியேறிக்கொண்டே நொர்மான் கேட்டார்.

"நாலு."

"அடுப்பு முன்னாடி சூடு தாங்குதா?"

"பிப்ரவரியில வந்து கேளு. அதைவிட்டு நகரவே மாட்டேன்."

"முதலாளி எப்படி? கத்துவாரா?"

"ஹாக்கியில நம்ம ஆளுங்க தோத்தா கத்துவார். அப்ப எல்லாரும் சேர்ந்துதான் கத்துவோம்."

நொர்மான் தலையாட்டிக்கொண்டார். குறைகளைத் துருவித் துருவி எடுக்கிறார், பிறகு மொத்தமாக எடுத்து வீசப்போகிறார் என்று கிலேன் நினைத்தாள்.

ஃப்ரிட்ஜை வைத்துவிட்டு மூவரும் கீழே வந்தபோது, நடைபாதையில் அவர்களுடைய நாற்காலி மட்டும் இருந்தது. அதன் முதுகில் நொர்மான் கழற்றி மாட்டியிருந்த விலையுயர்ந்த கோட்டைக் காணோம். தெருக்கோடியில் ஒரு கிழவர் அதை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் ஒரு பூந்தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"ஐயையோ, அது இவரோடது! ஐயா, கொஞ்சம் நில்லுங்க!" கிலேன் ஓடப் பார்த்தாள்.

நொர்மான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு கிலேன். பாரேன், தோள்பட்டை அவருக்குத்தான் கச்சிதமா இருக்கு."

"அவ்வளவு விலை..."

"எனக்கு இனிமே அது எதுக்கு?"

பணம் இருந்தால் கோட்டுகூடக் கைக்குட்டை மாதிரிதான் என்று கிலேன் மனதுக்குள் முணுமுணுத்தாள். இந்த மனிதரிடமிருந்து ஈவோனை எப்படிக் காப்பாற்றுவது?

சாயங்காலம் சாமான் எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தது. உதவிக்கு வந்தவர்களுக்கு வழக்கப்படி பீட்சாவும் பீரும்தான் கூலி. மூவரும் கீழ்ப்படிகளில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டியிலிருந்தே சாப்பிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பியானோ உருண்டு தெருவைக் கடந்து போனது. போகிறபோக்கில் ஒரு பெண் அதில் நாலு கட்டையைத் தட்டிவிட்டுப் போனாள். ஈவோன் கைதட்டினான்.

நொர்மான் தொண்டையைச் செருமினார். "ஈவோன், நான் வந்த விஷயம்..."

"வேண்டாம், நொர்மான்." கிலேன் பீட்சாவைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நேரம் முதுகு ஒடியத் தூக்கினீங்க, அதுக்கு நன்றி. ஆனா ஈவோன் உங்க கூட வரமாட்டான். எங்களுக்கு மத்தியானங்கள் வேணும்."

ஈவோன் பீர் பாட்டில் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிடுவானோ என்று அவள் அவன் வாயையே பார்த்தாள்.

"ஆமா, அண்ணே," என்றான் கடைசியில். "இத்தனை வருஷமா சொல்லாம விட்டது என் தப்புதான். நான் இங்க நல்லா இருக்கேன். வரல."

கிலேன் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெயித்தாகிவிட்டது.

நொர்மான் கோபப்படவில்லை. ஃப்ரிட்ஜ் சிராய்த்துச் சிவந்திருந்த உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போறதுக்கு அங்க கம்பெனியே இல்லடா. வசந்தத்துலயே மூடியாச்சு, வீடும் போயாச்சு." தம்பியின் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பேகல் கடையில எனக்கு ஒரு வேலை கேட்டுச் சொல்றியா?"