பகல் குரல், மாலைக் குரல்

போனை எடுத்ததுமே சொதப்பினேன். "வணக்கம், உங்கள் நலமே எங்கள் மருத்துவமனையின் மகிழ்ச்சி!"

அது பகலில் எனக்குச் சோறு போடும் தனியார் ஆஸ்பத்திரியின் வசனம். நான் உட்கார்ந்திருந்ததோ, மனம் உடைந்தவர்கள் பேசக் காதுகொடுக்கும் தொண்டு நிறுவனத்தில். பகலில் அழுக்காகும் மனசாட்சிக்கு மாலையில் இங்கே இலவசச் சலவை. தினமும் ஆறு மணிக்குக் கடி ஜோக்கோடு அழைக்கும் பெரியவர்தான் என்று ஆவலாக எடுத்ததில் வாய் குழறிவிட்டது.

மறுமுனையில் ஒரு பெண். "காலையில ஆஸ்பத்திரியில பேசினதும் நீங்கதானா?"

நாம் யார் என்று சொல்லக் கூடாது என்பது இங்கே விதி. காப்பீடு இல்லாதவர்களிடம், காலியாக இருந்தாலும் படுக்கை இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு இடத்திலும் நான் விதி தவறாத உத்தமன்.

இன்று தவறினேன். "ஆமாம்மா."

"நிஜமாவே படுக்கை இல்லையா சார்?"

"இருந்துச்சும்மா."

அவள் அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"யாருக்கும்மா கேட்டீங்க?"

"அப்பாவுக்கு. வேற ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டார்."

அந்தப் பெரியவராவது அழைத்து என்னைக் காப்பாற்ற மாட்டாரா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்னைத் திட்டத்தான் கூப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல சார், இங்க நீங்க இருப்பீங்கன்னே தெரியாது. 'ஆறு மணிக்கு ஒருத்தர் என் ஜோக்குக்காகக் காத்திருப்பார், பாவம், நல்ல மனுஷன். இன்னிக்கு வரமாட்டேன்னு சொல்லிடு'ன்னு வண்டியில அப்பா சொன்னார்."