நாலு வீட்டுப் பருப்பு

மூன்றாவது வீட்டிலும் அதே பருப்பு வாசனை அடித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகம் எனக்குப் புதுசு இல்லை. என் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்கிறவன் நான். அதற்காகவே முதலாளி என்னை வேலைக்கு வைத்திருந்தார்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. வயல் வேலைக்குப் போனவர்கள் ஷிப்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். விடிவதற்குள் சோறு ஆக வேண்டும். முதலாளி குக்கரைத் தவணைக்கு இறக்கினார்.

கடையில் நூற்றைம்பது ரூபாய். எங்கள் தவணையில் இருநூற்று எழுபது. மொத்தமாகக் கொடுக்க எவனிடம் இருந்தது? இல்லாதவன் வாங்கினால் எந்தச் சாமானும் விலை ஏறிவிடும்.

தவணை வசூலிப்பது ஒரு வேலை. சாமான் வீட்டில் இருக்கிறதா என்று மாதம் ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டு வருவது இன்னொரு வேலை. இல்லையென்றால் மறுநாளே முதலாளியின் வண்டி வரும். அண்டாவோ ஆடோ, எது அகப்படுகிறதோ அது ஏறும். கட்டின பணமும் போச்சு.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது ஒரே வரிசையில் நாலு வீடு.

முதல் வீட்டில் மணியம்மாள். குக்கர் அடுப்பில் இருந்தது. சரி.

இரண்டாவது வீட்டில் கிரேஸ். குக்கர் அடுப்பின்மேல் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடுப்புக்குள்ளே கோழி படுத்திருந்தது.

“இன்னாம்மா, கோழி மேலயா சமைக்கிற?”

“இப்பத்தாண்ணே நெருப்ப அணைச்சேன். அதுக்குள்ள பூந்துக்கிச்சு” என்றாள். முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாவது வீட்டில் சின்னப்பொண்ணு. இவள் உஷார். சுள்ளியைத் திணித்து, அடுப்பை நன்றாக எரியவிட்டு, அதன்மேல் குக்கரை ஏற்றியிருந்தாள். ஆனால் ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பருப்பு வேகவைக்க எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

“இங்கயும் பருப்பா?”

“வேற இன்னா வேகும், சாலமோன் அண்ணே? உங்க மொதலாளிய கோழியும் தவணைக்குக் குடுக்கச் சொல்லு. ஆக்கிப் போடறோம்.”

நான் வாசல் வழியாக வெளியே வந்தேன். நாலாவது வீட்டுக்குப் போகிறவன்போல நாலு எட்டு வைத்துவிட்டு, சந்தில் திரும்பிக் கொல்லைப்புறம் போனேன்.

அப்போதுதான் கொல்லையின் நட்டநடுவில் விசில் கத்தியது.

கோணியில் சுற்றிய குக்கரைப் பச்சைப்பிள்ளைபோல் இரண்டு கையாலும் தூக்கி, ஓலைத்தட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாள் சின்னப்பொண்ணு. மூடிமேல் இருந்த விசில் குண்டு சரிந்து ஆவி பீறிட்டது. மரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது.

என்னைப் பார்த்தாள். கீழே போடவும் முடியாது, உள்ளே கொண்டுபோகவும் முடியாது.

தட்டிக்கு அந்தப் பக்கம், நாலாவது வீட்டுக் கொல்லையில், குக்கரை வாங்க இரண்டு கை நீண்டிருந்தது.

வளையலைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரி முத்தம்மா.

மணியம்மாளும் கிரேஸும் முந்தானையை வாயில் வைத்தபடி ஓடிவந்தார்கள். நாலாவது வீட்டு லட்சுமியம்மாள் ஊதுகுழலோடு வெளியே வந்து அப்படியே நின்றாள். விசில் கத்திக்கொண்டே இருந்தது. நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு நாலு வாசலிலும் வண்டி நிற்கும். அது அவர்களுக்கும் தெரியும்.

“இவங்க குக்கரெல்லாம் எங்கடி?” என்றேன் முத்தம்மாவிடம்.

“நாலும் அடகுக்கடையில குந்திகினு கீது. போன மாசம் நாலு ஊட்லயும் பைசா பாக்கி இல்லாம வசூல் பண்ணேன்னு வந்து பீத்திக்கினியே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்ச?”

குக்கரை அடகு வைத்துக் குக்கருக்குத் தவணை கட்டியிருக்கிறார்கள். எச்சில் தொட்டு எண்ணி வாங்கினவன் நான்.

நான் குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாய்யா பாத்துக்கினு நிக்கற? புடி, அவளுக்குக் கை சுடுது.”

பிடித்தேன். வயிறு சுட்டது. அந்தக் கோழி படுத்திருந்தது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததில் குக்கர் குலுங்கி இன்னொரு விசில் விட்டது. சின்னப்பொண்ணு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமியம்மாள் ஊதுகுழலால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கிரேஸ், “ஆண்டவரே, ஆண்டவரே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது வீட்டுக்குக் குக்கரை நானே தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பில் வைத்தேன். இரண்டு அடி தள்ளி நின்று நன்றாக ஒருதரம் பார்த்தேன்.

இருந்தது.

நாலு அடுப்பு ஏறி இறங்கின பருப்பு கூழாய்க் கரைந்துபோயிருந்தது. உப்புப் போட ஒருத்திக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. ஆளுக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் முதலாளி கேட்டார்.

“நாலு ஊட்லயும் குக்கர் கீதுங்க. என் கண்ணால பாத்தேன்” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

எவனையும் நம்பாதவன் சொன்னதால் அவர் நம்பினார்.

கிளம்பப் போனேன். எனக்கும் ஒரு குக்கரைத் தலையில் கட்டி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார் அவர். அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“உன் ஊட்டுது பத்திரமா கீதா?” என்றார்.

“அதத்தாங்க மொதல்ல பாத்தேன்.”