நூற்று நாற்பத்தொரு குடும்பங்கள்

"யார் யார் வந்திருக்காங்கன்னு முதல்ல எழுதிக்குங்க, அம்சவல்லி" என்றார் மேனேஜர் கோபால்.

டைப்பிஸ்ட் அம்சவல்லி எழுதினாள். 1988, மார்ச் 12. மின்விசிறிக்கு நேர் கீழே மேனேஜர். அவருக்கு வலப்பக்கம் தொழிலாளர் சார்பில் லேத் பிரிவு அண்ணாதுரை. இடப்பக்கம், கதவை ஒட்டி, பேக்கிங் பிரிவு மரகதம். மேஜையின் கடைக்கோடியில் அவள். பொருள்: தொழிலாளர் குடும்பங்களுக்கு எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் ஆண்டு பாஸ் வாங்குவது?

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அண்ணாதுரைக்கோ மரகதத்துக்கோ அவளுக்கோ பூங்காவைப் பற்றித் துளியும் கவலை இல்லை.

போன வருஷம் ஒரகடம் ரோட்டில் ஒரு போல்ட் கம்பெனியை மூடினார்கள். மூடப்போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் புது வருஷக் காலண்டர் அடிக்கவில்லை. அப்புறம் பஸ் கான்ட்ராக்டை மாசா மாசம் என்று மாற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை கேட்டில் பூட்டு தொங்கியது. அதிலிருந்து இந்தப் பக்கத்துத் தொழிலாளிகள் முதலாளி பேசுவதைக் கேட்பதில்லை. எதை எத்தனை நாளைக்கு வாங்குகிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

பத்து நாள் முன்னால் பம்பாய் தலைமை ஆபீசுக்குப் போய்வந்த மேனேஜர், அன்றிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணாதுரைதான் யோசனை சொன்னார்: "கேட்டா சொல்ல மாட்டாரு. ஒரு வருஷத்துக்குச் செல்ற மாதிரி எதையாச்சும் கேப்போம். கையெழுத்து போட்டார்னா கம்பெனி கீது. இல்லன்னா வேற வேலை தேட வேண்டியதுதான்."

அம்சவல்லிக்கும் அவள் புருஷன் எல்லப்பனுக்கும் இரண்டு பேருக்குமே இந்த பம்ப் கம்பெனிச் சம்பளம்தான். படப்பையில் பிளாட்டுக்கு மாசத் தவணை வேறு போய்க்கொண்டிருந்தது. மூடினால் ஒரே நாளில் இரண்டு சம்பளமும் போய்விடும்.

"வண்ணத்தோட்டம் குடும்பத்துக்கு நூத்தம்பது ரூபா, அலைநகரம் இருநூத்தி இருபத்தஞ்சு" என்று இரண்டு நோட்டீஸையும் விரித்தார் மேனேஜர். "வித்தியாசம் எழுபத்தஞ்சு ரூபா. எது நல்லது?"

"வண்ணத்தோட்டம் தாம்பரம் தாண்டினதும் வந்துடும், சார்" என்றார் அண்ணாதுரை. "அலைநகரம் கோவளம் ரோட்ல கீது. மூணு பஸ் மாறணும். போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைங்க தூங்கிடும்."

"நீ சும்மா இருண்ணா" என்றாள் மரகதம். "வண்ணத்தோட்டத்துல பாஸு உள்ள வுடறதுக்கு மட்டும்தானாம். ராட்டினம் ஏறணும்னா தனியா துட்டாம். இன்னா நியாயம் இது? கல்யாணத்துக்குக் கூப்ட்டு எலைக்குக் காசு கேக்கற மாதிரி கீது."

வேறொரு நாளாக இருந்தால் மேனேஜர் சிரித்திருப்பார். இன்று நோட்டீஸின் அடியில் இருந்த பொடி எழுத்தில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசத்துக்குன்னு பாஸ் கிடையாதா?"

அண்ணாதுரை அம்சவல்லியைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

"கிடையாது, சார்" என்றார் அண்ணாதுரை. "ரெண்டு பேருமே வருஷத்துக்குத்தான் தர்றாங்க."

"நடுவுல வேலையை விட்டு நிக்கறவங்க பாஸைத் திருப்பிக் குடுத்தா மீதிப் பணம் வருமா?"

"எதுக்கு சார் நிக்கணும்?" மரகதத்தின் குரல் கீச்சிட்டது. "நாங்க இன்னா டவுன் பஸ்ஸா, கண்ட எடத்துல நிக்கறதுக்கு?"

"சும்மா கேட்டேன்மா." அத்தனை காற்றிலும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் பூட்டு என்று அம்சவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். எல்லப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? சோறு போடும்போதா, சாப்பிட்டு முடித்த பிறகா?

மேனேஜர் நோட்டீஸை மடித்தார்.

"அலைநகரமே வாங்கிடலாம். எத்தனை தடவை ஏறினாலும் காசு கிடையாது. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம பஸ்ஸையே அனுப்பிடலாம்."

"ஒரு... ஒரு வருஷத்துக்கா, சார்?" என்றார் அண்ணாதுரை.

"ஆமா. முழு வருஷத்துக்கு."

அண்ணாதுரை நாற்காலி சாய எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மரகதம் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "சரின்னுட்டாருடி! ஒரு வருஷம்!" என்று அவள் கத்துவது பேக்கிங் ஷெட்டிலிருந்து கேட்டது. அண்ணாதுரையும் பின்னாலேயே போனார்.

மேனேஜர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அம்சவல்லியின் விரல்கள் தாமாகவே அடித்துக்கொண்டு போயின. "ஆகவே, எங்கள் தொழிலாளர், அலுவலர் குடும்பங்கள் நூற்று நாற்பத்தொன்றுக்கும் ஓராண்டு பாஸ் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்." அவர் கையெழுத்துப் போட்டு, மடித்து, உறைக்குள் வைத்தார். கோந்து பாட்டிலை எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், ஒட்டாதீங்க! ஒண்ணு குறையுது. உங்க வூட்டையும் சேத்தா நூத்தி நாப்பத்திரண்டு."

"குறையலம்மா. ஆறு மாசத்துக்குக் கேட்டது எனக்காகத்தான்" என்று அவர் உறையை அழுத்தி ஒட்டி அவளிடம் நீட்டினார். "நாலு மணித் தபால்ல சேத்துடுங்க. கம்பெனி எங்கேயும் போகலை, செப்டம்பரோட என்னை மட்டும்தான் போகச் சொல்லியிருக்காங்க."