தோணிக்காரனின் குரல்

நாவற்குடாவில் தனியாக இருக்கும் கம்சாயினி தன் முதல் விஷுவல் நாவலை, கணினியில் விளையாடும் படக்கதையை, செய்து முடித்து, காத்தான்குடித் தோழி ரிப்காவுக்கு விளையாடிப் பார்க்க அனுப்பினாள். செத்தவர்களை இருண்ட வாவிக்கு அப்பால் ஏற்றிப்போகும் ஒரு தோணிக்காரனின் கதை. அவனுக்குத் தன் கணவன் உதயரூபனின் முகத்தை வரைந்திருந்தாள். போன மாரியில் வாவிக்குப் போன உதயரூபன் திரும்பி வரவில்லை.

மறுநாள் ரிப்கா போன் எடுத்தாள்.

"கதை நல்லாயிருக்கு புள்ள. தோணிக்காரனுக்கு ஆரு குரல் குடுத்த?"

கம்சாயினி அதில் ஒரு சத்தமும் சேர்க்கவில்லை. படமும் எழுத்தும் மட்டும்தான். முதலிலிருந்து விளையாடிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறி ரிப்கா வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒரே திரையின் முன் இருந்தார்கள். ரிப்காவுக்கு மட்டும் கேட்டது. கம்சாயினிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"இப்ப என்ன சொல்றார்?"

"எழுத்துல இருக்கிறதச் சொல்லல்ல. கம்சு சாப்பிட்டாளா எண்டு கேக்குறாரு."

ரிப்கா உதயரூபனைக் கண்டதேயில்லை. கம்சாயினியைக் கம்சு என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

"சாப்பிட்டன் எண்டு சொல்லு."

ரிப்கா திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"பொய் எண்டு சிரிக்கிறாரு."

கம்சாயினி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. குனிந்து லெப்டொப்பில் காதை வைத்தாள். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் சிரிக்கிறாரா?"

"ஓம்" என்றாள் ரிப்கா.