எட்டாம் ஆள்

பர்மாச் சண்டைக்குப் போன எட்டுப் பேரில், நாற்பத்தைந்தில் சொந்த ஊரான செந்தூலுக்குத் திரும்பியது ஸ்டானிஸ்லாஸ் மட்டும்தான். விடிந்ததும் கொல்லையில் விறைப்பாக நிற்பான். ஏழு பேர் எண்ணி முடிக்கும் நேரம் பொறுத்திருந்து, "எட்டு!" என்று கத்துவான். ஆள் கணக்கு தப்பினால் படை கிளம்பாது, முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று மனைவி பாக்கியத்திடம் சொல்லியிருந்தான். அவன் கையில் சிக்கிவிடக் கூடாதென்று அவள் கிணற்றுக் கயிற்றை மரவள்ளிக்கிழங்குச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

நேற்று அவன் கத்துவதற்கு முன் ஏழு குரல்கள் வரிசையாக எண்ணுவது கேட்டது.

"எல்லாரும் வந்துட்டாங்க, பாக்கியம். நாளைக்கு அவங்களோட கிளம்புறேன்," என்று சிரித்தான். ஊர் திரும்பிய பின் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கும் அந்த ஏழு குரல்கள் எண்ணி முடித்து, அவன் "எட்டு!" என்றதும், பாக்கியம் அடுப்புக்கரி படிந்த கையோடு ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்று, "ஒன்பது!" என்று கத்தினாள்.

 பிறகு வேலியோரம் யாரோ, மறுபடியும், "ஒண்ணு" என்றார்.